ரொட்டியில் பதிந்த முகம்

ஸரேச்யே, 7 அக்டோபர் 1973

அன்புள்ள லீதா அக்காவுக்கு,

தம்பி அர்சேனி எழுதுவது. அம்மாவும் நானும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, லெனின்கிராதின் ஈரம் அதை விட்டுவைத்திருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். (சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரியாததா.)

போன வாரம் புகைபோக்கியைப் பூசப் பரணில் ஏறினேன். குளிர் இறங்காமலிருக்க அப்பா கொட்டிவைத்த மரத்தூளை ஒதுக்கியபோது சாக்கில் சுற்றிய தகடு ஒன்று கையில் பட்டது. கசான் தேவமாதா படத்தின் வெள்ளிக் கவசம். படம் இல்லை, கவசம் மட்டும். முகத்துக்கும் கைகளுக்கும் விட்ட ஓட்டைகள் இருக்கின்றன. கீழ்விளிம்பு பிய்ந்திருக்கிறது. எல்லாம் கரியாகக் கறுத்துக் கிடக்கிறது.

கீழே கொண்டுவந்தேன். அம்மா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கடா எடுத்த?"

"பரண்ல. யாருதும்மா இது?"

"என்னுது. என் கல்யாணத்துக்கு என் ஞானத்தகப்பன் குடுத்தது, தொள்ளாயிரத்து ஏழுல. பலகைய உங்கப்பன் பயந்துபோயி கோஸ் தொட்டிக்கு மூடியாக்கிட்டான். அதுல மூஞ்சியும் கையும்தான் வரைஞ்சிருந்துச்சு, மிச்சமெல்லாம் வெறும் கட்டை. வெள்ளிய மட்டும் நான் குறடு வச்சுப் பிடுங்கி ஒளிச்சேன்."

"எதுக்கு ஒளிக்கணும்?"

"வெளிய தெரிஞ்சா கோயில் வெள்ளின்னுதானே சொல்வானுங்க? நீயே இப்ப அதத்தானடா நெனைக்கற?"

ஆமாம், அதைத்தான் நினைக்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரிகிறது. 1922இல் கோயில் வெள்ளியை அரசாங்கம் எடுத்துக்கொள்ள வந்தபோது கோயில் சொத்துப் பட்டியலில் உள்ள எல்லாம் இருந்தன, கசான் தேவமாதா கவசம் மட்டும் இல்லை. கோயில் காவற்காரர் நம் அப்பா. "சாவி பாதிரியார்கிட்டயும் இருந்துச்சு" என்றார். பாதிரியார் அர்தலியோனை வண்டியில் ஏற்றினார்கள், அவர் திரும்பவில்லை. அவர் மகள் கிளாஃபிராவுக்கு அப்போது நான்கு வயது. அன்று முதல் அவள் திருடன் மகள். 1946இல் நான் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது அம்மா என்ன சொன்னாள் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். "திருடன் மக இந்த வாசப்படி ஏறினா நான் இந்த வாசப்படி எறங்கிடுவேன்." நானும் ஆண்பிள்ளையாக எதிர்த்து நிற்கவில்லை. அதனால்தான் ஐம்பத்துநான்கு வயதிலும் அம்மாவின் கோஸ் சூப்பைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பட்டியலின் நகல் எங்கள் பள்ளி அருங்காட்சியகத்தில் என் பொறுப்பில்தான் இருக்கிறது. "கசான் தேவமாதா, வெள்ளிக் கவசம், மர வியாபாரி ஒருவர் 1912இல் புதிதாகச் செய்வித்துக் கொடுத்தது. காணவில்லை." அளவும் இதுவும் ஒன்றே. எல்லா வீட்டிலும் இருந்த அளவுதான் என்று நீ சொல்வாய்.

இது 1907க்கு முந்தியதா, 1912ஆ? முப்பது வருடமாக வெள்ளியின் வயதைச் சொல்வதுதான் உன் வேலை. சொல்லு. பின்னது என்றால் நம் அப்பா திருடிவிட்டு ஒரு மனிதனைச் சாகக் கொடுத்தார். அந்தத் திருட்டின்மேல் படுத்துக்கொண்டுதான் அம்மா கிளாஃபிராவை, என் கிளாஷாவை, திருடன் மகள் என்றாள்.

இந்தக் கடிதத்தைத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோகப்போவதும் ஊர்த் தபால்காரியான அதே கிளாஷாதான். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

உன் தம்பி,
அர்சேனி


லெனின்கிராத், 29 அக்டோபர் 1973

அன்புத் தம்பி சேன்யாவுக்கு,

முழங்கால் என்னை விட்டுப் போவதாக இல்லை, நானும் அதை விட்டுப் போவதாக இல்லை. உனக்கும் அம்மாவுக்கும் உடம்பு தேவலையா? அவள் கேட்காததைக் கேட்டதாக எழுதும் வேலையை இந்த வயதிலாவது நிறுத்து.

வெள்ளியைத் தபாலில் அனுப்பாதே. வழியில் தொலைந்தால் ஒரு துன்பம், தொலையாமல் யாராவது பிரித்துப் பார்த்தால் இன்னொரு துன்பம். நான் சொல்கிறபடி செய்.

தர எண்ணோடு கூடிய பெரிய முத்திரை கீழ்விளிம்பில் இருந்திருக்கும். அது பிய்ந்துவிட்டது. ஆனால் தலையைச் சுற்றியுள்ள ஒளிவட்டம் தனித்துண்டாகச் செய்து பொருத்தப்படுவது. தனித்துண்டு எதுவானாலும் அதற்கென்று சின்ன முத்திரை ஒன்று அடிப்பார்கள். கடுகளவு வட்டத்துக்குள் உயர்ந்த தலையணி அணிந்த ஒரு பெண்ணின் முகம், பக்கவாட்டில். எண் இருக்காது, எழுத்து இருக்காது. முகம் மட்டும். ஒளிவட்டத்தின் ஓரத்தில் தேடு.

அவள் உன் இடக்கைப் பக்கம் பார்த்தால் 1899க்கும் 1908க்கும் நடுவில் செய்தது. உன் வலக்கைப் பக்கம் பார்த்தால் 1908க்குப் பிறகு. அந்த வருடம் முத்திரையை மாற்றி, முகத்தைத் திருப்பிவிட்டார்கள். உனக்கு வேண்டியது அவ்வளவுதான்: இடமா, வலமா.

சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதத்தை முத்திரைமேல் வைத்து, கூர் மழுங்கிய பென்சிலால் மெதுவாகத் தேய். தேய்த்த காகிதத்தையே அனுப்பு. சுண்ணாம்பு, சாம்பல், பல்பொடி எதையும் போட்டு வெள்ளியைத் துலக்கிவிடாதே. உன் கையை நான் அறிவேன்.

அம்மா நான் செய்யும் வேலையை என்னவென்று சொல்வாள் என்று நினைவிருக்கிறதா? "ஊரான் வீட்டு ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பாக்கற பொழப்பு." அந்தப் பிழைப்பு இப்போது அவளுக்கே தேவைப்படுகிறது, பார்.

முதலில் வேலையை முடிப்போம். கோபப்படுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
லீதியா


ஸரேச்யே, 25 நவம்பர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். ஆறு கெட்டியாக உறைந்துவிட்டது. கிளாஷா பையைத் தோளில் போட்டுக்கொண்டு பனியின்மேல் நடந்தே அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருகிறாள். அவளுக்கும் ஐம்பத்தைந்தாகிறது. ஓய்வு வாங்கிக்கொள்ளச் சொன்னால், "அப்புறம் உங்க அக்கா லெட்டர யாரு கொண்டாருவா?" என்கிறாள்.

முத்திரையைக் கண்டுபிடித்தேன். நீ கடுகு என்றாய். கடுகில் பாதி. உன் சிகரெட் காகிதம் மூன்று தடவையும் கிழிந்துவிட்டது. வெள்ளியோ கறுப்புக்குள் கறுப்பு, என் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. துலக்காதே என்றாய், துலக்கவில்லை. கடைசியில் வேறு வழியில் அச்செடுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, கண்டதைக் கண்டபடியே பெரிதாக வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். பள்ளியில் இருபது வருடம் படம் வரையவும் கற்றுக்கொடுத்தவன் நான், என் கோட்டை நம்பலாம்.

வலப்பக்கம் பார்க்கிறாள், அக்கா.

அம்மாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மேசைமேல் பூதக்கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "என்னடா, என் கல்யாணத்துக்கு நீ சாட்சி தேடறியா? நீ பொறக்கறதுக்குப் பன்னெண்டு வருசம் முந்தி நடந்துச்சுடா அது" என்று சிரித்தாள். சிரிப்பில் பயம் இருந்ததா என்று பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

உன் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். அது வந்த பிறகுதான் நான் எதையும் செய்வேன்.

அர்சேனி


லெனின்கிராத், 16 டிசம்பர் 1973

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்களும் நலமாயிருக்க வேண்டும். வருடக் கடைசியில் இங்கே கணக்கெடுப்பு நடக்கிறது, அலமாரி அலமாரியாக இறக்கி ஏற்றுகிறோம். அதனால்தான் இவ்வளவு சுருக்கம்.

படம் வந்தது. நல்ல கோடு. முகம் வலப்பக்கம் பார்க்கிறது. 1908க்கும் புரட்சிக்கும் இடைப்பட்ட வேலை. 1907இல் நடந்த கல்யாணத்துக்கு அதை யாரும் கொடுத்திருக்க முடியாது. இதில் சந்தேகமே இல்லை.

கோயில் கவசம்தான் அது என்று முத்திரை சொல்லாது, வயதை மட்டும் சொல்லும். ஆனால் அதே தேவமாதா, அதே அளவு, அதே காலம், காவற்காரர் வீட்டுப் பரண். கூட்டிப் பார்க்க உனக்கு நான் தேவையில்லை.

அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அறுபது வருடமாக அவள் சொன்னதே சரி என்று இந்த வீட்டில் எல்லோரும் வாழ்ந்தாகிவிட்டது.

புத்தாண்டு வாழ்த்துகள், இருவருக்கும்.

லீதியா


லெனின்கிராத், 10 பிப்ரவரி 1974

அன்புள்ள சேன்யா,

உன்னிடமிருந்து கடிதம் வந்து இரண்டரை மாதமாகிறது. புத்தாண்டு வாழ்த்து அட்டைகூட இல்லை. வாழ்க்கையில் ஒருமுறைகூட நீ அதைத் தவறவிட்டதில்லை. உடம்பு சரியில்லையா? அம்மாவுக்கா?

இரண்டு வரி எழுது, போதும்.

லீதா


ஸரேச்யே, 3 மார்ச் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னுடைய இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

புத்தாண்டன்று சாப்பாட்டு மேசையில் உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோபத்தோடுதான் வாசித்தேன், மறைக்கவில்லை. கத்துவாள், தட்டைத் தூக்கிப் போடுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்கான பதில்களெல்லாம் இருபத்தேழு வருடமாக எனக்குள் தயாராக இருந்தன. அவள் கத்தவில்லை.

"இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன்.

"லீதா கைப்பட எழுதினதா?"

"ஆமா."

"சந்தேகமே இல்லன்னு எழுதியிருக்காளா?"

"இதோ பாரு. சந்தேகமே இல்ல."

எழுத்து தெரியாது என்றாலும் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அன்றிலிருந்து சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. சாக்கிலிருந்து கவசத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் தானாகவே ஒன்று கேட்டாள்: "என்னுது பித்தளையோ என்னவோ. உங்கப்பன் அத எடுத்துட்டு இத வச்சிருப்பானாடா? நான் அன்னைக்கு இருட்டுலதான் பிடுங்கினேன். சரியா பாத்தேனா, பாக்கலையா?"

இது நடிப்பு என்று முதலில் நினைத்தேன். இப்போது என்ன நினைப்பது என்று தெரியவில்லை. நான் கேட்க விரும்பியது வேறு, அக்கா. "ஆமாண்டா, தெரிஞ்சுதான் ஒளிச்சேன்" என்று ஒருமுறை அவள் வாயால் கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கிளாஷாவிடம் இன்னும் சொல்லவில்லை. பனி உருகுவதற்குள் சொல்வேன்.

அர்சேனி


லெனின்கிராத், 24 மார்ச் 1974

அன்புத் தம்பி,

நலம் விசாரிக்கும் வரிகளை இம்முறை விட்டுவிடுகிறேன்.

அம்மா தன் நினைவையே சந்தேகப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். நம் அம்மா எதையும் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. 1931இல் நான் ரயிலேறும்போது என்னிடம் "நீ ஒண்ணத்துக்கும் உதவமாட்ட" என்றாள், அதைக்கூட ஒரு சந்தேகமும் இல்லாமல்தான் சொன்னாள்.

கவசத்தை எனக்கு அனுப்பிவை. மதிப்பு அறிவித்துப் பதிவுத் தபாலில் அனுப்பு, கேள்வி வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். நேரில் பார்க்காமல் நான் எழுதியிருக்கக் கூடாது. அம்மாவிடம், லீதா கண்ணால் பார்க்கும்வரை எதுவும் முடிவில்லை என்று சொல். கட்டாயம் சொல். அவள் சாப்பிடுகிறாளா?

லீதா


ஸரேச்யே, 19 மே 1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மார்ச் கடிதம் நேற்றுதான் கைக்குக் கிடைத்தது. ஏப்ரல் தொடக்கத்திலேயே பனி இளகி, அக்கரையில் தபால் பைகள் தேங்கிவிட்டன. பிறகு ஆற்றின்மேல் உறைந்த பனி உடைந்தது. இந்த வருடம் உடைந்து ஓடி முடிய மூன்று வாரமானது.

நல்ல செய்தியை முதலில் எழுதுகிறேன். கிளாஷாவும் நானும் செப்டம்பரில் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளப்போகிறோம். சிரிக்காதே. ஊர் சிரித்து முடித்துவிட்டது. பட்டியலில் "பாதிரியார் மறைத்தார்" என்று யாரோ எழுதிய குறிப்பை நான் அடித்துவிட்டேன். கடையில் பெண்கள் அவளை இப்போது அவளுடைய அப்பா பெயரோடு சேர்த்து, கிளாஃபிரா அர்தலியோனவ்னா என்று முழுசாகக் கூப்பிடுகிறார்கள். ஐம்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. கவசத்தைப் பள்ளி அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறோம். அதற்கு உன் கையெழுத்தோடு ஒரு சான்று அட்டை வேண்டும். கவசத்தைத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். நான் அச்செடுத்த ரொட்டித் துண்டும் அதிலேயே இருக்கிறது. கறுப்பு ரொட்டியைப் பிசைந்து முத்திரைமேல் அழுத்தி எடுத்தேன், இப்போது கல்லாகிவிட்டது. லெனின்கிராத் அறிஞர்கள் பார்த்துச் சிரிக்கட்டும்.

அம்மாவின் அறைக்கு வெள்ளையடித்தோம். கிளாஷா புதுத் திரை தைக்கிறாள்.

அக்கா, இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நேரம் சுற்றிவந்தேன். அம்மா இறந்துவிட்டாள். ஏப்ரல் பதினான்காம் தேதி நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் கவசத்தைச் சால்வையில் சுற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்து கிளாஷா வீட்டுக்குப் போயிருக்கிறாள், மன்னிப்புக் கேட்க. பனிமேல் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நாள் அது. அந்த வாரம் கிளாஷாகூடக் கடக்கவில்லை. எண்பத்துமூன்று வயதில் போய்த் திரும்பியும் வந்துவிட்டாள். கம்பளிப் பூட்ஸை நான்தான் கழற்றிவிட்டேன். தண்ணீர் கொட்டியது. "கேட்டுட்டேன்டா, அவ மன்னிச்சுட்டா. நீ இனி கட்டிக்க" என்றாள். எட்டு நாள் காய்ச்சல். இருபத்திரண்டாம் தேதி. ஆறு உடைந்துகொண்டிருந்தது, மருத்துவரும் வர முடியவில்லை, தந்தியும் அடிக்க முடியவில்லை. அடக்கம் முடிந்த பிறகு தந்தி எதற்கு என்று விட்டுவிட்டேன். அது தப்பு. உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உன் தம்பி


லெனின்கிராத், 20 ஜூன் 1974

அன்புத் தம்பி,

உன் கடிதமும் பொட்டலமும் ஒரே நாளில் வந்தன. அம்மாவுக்காக இங்கே மெழுகுவர்த்தி ஏற்றினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உன்மேல் கோபமில்லை. நீ செய்ததெல்லாம் நான் சொன்னதைக் கேட்டுத்தான்.

கவசத்தைப் பார்த்தேன். நீ கேட்ட அட்டையையும் கவசத்தோடு இன்றே அனுப்புகிறேன்: "கசான் தேவமாதா படக் கவசம், வெள்ளி, 1908க்குப் பிந்தியது." கையெழுத்தும் முத்திரையும் போட்டிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். காட்சிக்கு வைக்கும்போது கவசத்தை ஒரு பலகையில் ஆணியடித்துவிடு, ஒளிவட்டத்தின் ஓரம் சட்டத்துக்குள் மறையட்டும். வெள்ளிக்கு அதுதான் நல்லது. இனி யாரும் அதைக் கழற்ற வேண்டாம்.

நீயும் கிளாஃபிராவும் நன்றாக இருங்கள். என்னால் செப்டம்பரில் வர முடியாது. முழங்கால்.

லீதா


ஸரேச்யே, 8 ஜூலை 1974

மதிப்புக்குரிய லீதியா இக்னாத்யெவ்னாவுக்கு,

கிளாஃபிரா எழுதுவது. நாற்பது வருடமாக உங்கள் கடிதங்களைச் சுமந்திருக்கிறேன், உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. உங்கள் முழங்கால் குணமாக வேண்டும். உங்கள் தம்பி உடம்பு அளவில் நலமாயிருக்கிறார்.

உங்கள் அட்டை வந்ததும் அர்சேனி அதை என் கையில் கொடுத்து, "இனி உன்ன எவனும் ஒரு சொல் சொல்ல முடியாது, கிளாஷா" என்றார். அந்த அட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதில் இருப்பது சரியல்ல. தவறு எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் படித்தவர்கள். ஆனால் கோயில் கவசம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆற்றுக்குள் இருக்கிறது. அரசாங்கத்தார் வருவதற்கு முந்தைய நாள், பெண்கள் துணி அலசும் பனித்துளை வழியாக என் அப்பா அதைத் தண்ணீரில் போட்டார். என் அம்மா சாகும்போது சொன்னாள். உங்கள் அப்பா திருடவில்லை. அவர் சொன்னது உண்மை, சாவி என் அப்பாவிடமும் இருந்தது.

இதை யாரிடமும் சொல்லாமலே வாழ்ந்துவிட்டேன். சொன்னால் மட்டும் என்ன, அப்போதும் நான் அதே மகள்தான்.

உங்கள் அம்மா வந்த நாளைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் எழுதியதில் பயனில்லை. கதவைத் திறந்தேன். இடுப்புவரை நனைந்து நின்றாள். சால்வையைப் பிரித்து வெள்ளியை என் மேசைமேல் வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டாள்.

"பொண்ணே, இது உன் அப்பனுது. நான் என்னுதுன்னு நெனச்சுட்டேன். என் கண்ணுக்கு என்னுது மாதிரியேதான் இருக்கு. ஆனா லீதா எழுதிட்டா. அவ படிச்சவ, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் மறந்துபோயிருக்கேன். என்ன மன்னிச்சுடு."

அது அவளுடையதுதான் என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். "எந்திரிங்கம்மா, இது உங்களுது" என்று சொல்ல எனக்கு மூன்று சொல் போதும். நான் சொல்லவில்லை. தேநீருக்கு வைத்த சமோவார் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. அது கொதித்து வரும்வரை அவளை அந்த ஈரத்தோடு அப்படியே விட்டுவைத்திருந்தேன். இருபத்தேழு வருடத்துக்கு அது ஒன்றும் அதிகமில்லை என்று நினைத்தேன். பிறகுதான் "மன்னிச்சேன்" என்றேன். தேநீர் கொடுத்தேன். காலுறை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. வெள்ளியை அவளிடமே திருப்பிக் கொடுத்து, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரச் சொன்னேன்.

அர்சேனியிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்து கொட்டகைக்குப் போய் விறகு பிளக்க ஆரம்பித்தார். இன்றும் பிளந்துகொண்டிருக்கிறார். செப்டம்பர் என்ன ஆகும் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

வெள்ளி யாருடையதோ அவர் பெயரில் ஒரு அட்டை எழுதி அனுப்புங்கள். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

பணிவுடன்,
கிளாஃபிரா


லெனின்கிராத், 30 ஜூலை 1974

அன்புள்ள கிளாஃபிரா அர்தலியோனவ்னாவுக்கு,

உங்கள் உடல்நலத்தைக் கேட்டு எழுதுகிறேன். வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. உங்களையும் யாராவது கேட்க வேண்டும்.

தவறு எங்கே என்று தெரியாது என்றீர்கள். ரொட்டியில். ரொட்டியை அழுத்தி எடுத்தால் முகம் புரண்டு விழும், இடம் வலமாகிவிடும். என் தம்பி அதைப் பார்த்து வரைந்தான், வெள்ளியைப் பார்த்து அல்ல. பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் அந்த ரொட்டித் துண்டுதான் என் கையில் வந்தது. வெள்ளியைத் திருப்பிப் பார்க்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. பிறகு பார்த்தேன். பெண்முகம் இடப்பக்கம்தான் பார்க்கிறது.

அதாவது, உங்கள் கையில் இருந்த அட்டையை நான் தெரிந்தே பொய்யாக எழுதினேன். நீங்கள் மறுபடி திருடன் மகளாக வேண்டாம், தம்பிக்குத் தனிமை வேண்டாம் என்றுதான் எழுதினேன். நல்ல காரணம்போலத் தோன்றியது. முப்பது வருடத்தில் நான் எழுதிய முதல் பொய்த் தேதி அது.

ஆனால் அதைவிடப் பெரிய குற்றம் டிசம்பரில் செய்தது. "வேறு வழியில் அச்செடுத்தேன்" என்று அவன் தெளிவாகவே எழுதியிருந்தான். மெழுகா, ரொட்டியா, களிமண்ணா என்று இந்த வேலைக்கு நேற்று வந்தவள்கூடக் கேட்டிருப்பாள். பேனாவை எடுக்கும்போது அந்தக் கேள்வி எனக்கும் வந்தது. நான் கேட்கவில்லை. அம்மா ஒருமுறையாவது தவறாக இருக்கட்டும் என்று இருந்தது எனக்கு. நீங்கள் ஒரு சமோவார் கொதிக்கும் நேரம் சும்மா இருந்தீர்கள். நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவள் ஆற்றில் இறங்கியே இருக்கமாட்டாள். யார் குற்றம் பெரியது என்று நாம் பேசிக்கொள்ள வேண்டாம்.

புதிய அட்டை இத்துடன்:

"கசான் தேவமாதா படக் கவசம். வெள்ளி. 1899க்கும் 1908க்கும் இடையில் செய்தது. சொந்தக்காரர் உஸ்தீன்யா ஃபியோதரவ்னா, தன் கல்யாணத்துக்குப் பெற்றது, 1907. முன்னர் கொடுத்த சான்று தவறு. தவறு கையெழுத்திட்டவருடையது."

அர்சேனியிடம் கொடுங்கள். காட்சிக்கு வைப்பதா, அம்மாவின் சிலுவையடியில் புதைப்பதா என்பதை அவன் முடிவு செய்யட்டும். அவன் விறகு பிளப்பதை நிறுத்தினால், அந்தத் துண்டுகளை அடுக்க நீங்கள் கூட நில்லுங்கள். அவனுக்கு அது புரியும்.

உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்துவிட்டேன். ஒரு வரியில் மட்டும் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். என் வேலையை ஸ்பூன் பார்க்கும் பிழைப்பு என்றே அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். "லீதா படிச்சவ, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஐம்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக அவள் என்னை நம்பியிருக்கிறாள், கிளாஃபிரா.

உங்கள்,
லீதியா